தலைமையாசிரியர் சரி என்றால் போதுமா? வகுப்பறைக்குள் ஆய்வு செய்யப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இது. மும்பையில் எம்.எட். படிக்கும் ஒருவர், தாராவியில் உள்ள மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ் வாசிப்பில் ஏன் திணறுகிறார்கள் என்று ஆராய விரும்புகிறார். சில பிள்ளைகளுக்குப் புதிய முறையில் வாசிப்புப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களைப் பழையபடியே விட்டு, இரு தரப்பையும் ஒப்பிடுவது அவர் திட்டம். பாடவேளைகளை வீடியோவும் எடுக்க வேண்டும். தலைமையாசிரியர் தெரிந்தவர், வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார். "இதற்கு மேல் நெறிமுறை, நடைமுறை என்று என்ன தடை வரப்போகிறது?" என்று கேட்கிறார்.

தலைமையாசிரியரின் சம்மதம் உங்களைப் பள்ளியின் கேட்டுக்குள் விடும். அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் சார்பில் அவர் சம்மதிக்க முடியாது. வகுப்பறை ஆய்வின் சிக்கல்கள் எங்கெங்கோ கிளை விட்டாலும் வேர் ஒன்றுதான். கடைத்தெருவில் நீங்கள் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஆள் "வேலை இருக்கிறது" என்று நடையைக் கட்டலாம். ஆஸ்பத்திரியில் நோயாளி "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லலாம். எட்டு வயதுப் பிள்ளை தன் வகுப்பிலிருந்து எழுந்து போக முடியாது. 6 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்கிறது சட்டம். பெரியவர்கள் சொன்னதைச் செய் என்கிறது வீடு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவரிடம் கிடைக்கும் "சரி டீச்சர்" என்ற பதிலுக்கு என்ன மதிப்பு என்பதுதான் நீங்கள் எதிர்கொள்ள வேண்டிய முதல் கேள்வி. நடைமுறைத் தடை என்று நாம் அலுத்துக்கொள்ளும் பலவும் கிளறிப் பார்த்தால் இதில்தான் போய் முட்டும்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுவோம். அதற்குப் பொறுமை மட்டும் போதும். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. உங்களுக்கு வேண்டிய அனுமதி மாநகராட்சியின் கல்வித் துறையிலிருந்து வர வேண்டும். கல்லூரி முதல்வரின் கடிதம், வழிகாட்டியின் கையெழுத்தோடு ஒரு பக்கத் திட்டச் சுருக்கம், பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் வாசிப்புத் தாள், பெற்றோரிடம் கேட்கப்போகும் கேள்விகள் ஆகியவற்றைச் சேர்த்தே கொடுங்கள். பிறகு ஒன்றொன்றாகக் கேட்டு அலைய வைக்க மாட்டார்கள். மேலே முத்திரை விழுந்தபின் வார்டின் நிர்வாக அதிகாரி, பள்ளிகளை மேற்பார்வையிடும் பீட் ஆபீசர், கடைசியில் தலைமையாசிரியர். தாராவி ஜி வடக்கு வார்டில் வருகிறது. விண்ணப்பம் மராத்தியில் இருப்பது நல்லது. இன்னொன்று: ஒரே கட்டடத்தில் பல மொழிப் பள்ளிகள் காலை முறை, மதிய முறை என்று மாறி மாறி இயங்குவது இங்கே சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைமையாசிரியர். பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்க வைக்க நீங்கள் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டால், அது அடுத்த பள்ளிக்காரர்களுக்கும் பொதுவான இடம். பக்கத்து அறையில் முப்பது குரல்கள் இந்தியில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும். ஒலிப்பதிவு ஒன்றுக்கும் உதவாது. அமைதியான அறை எது, எந்த நேரத்தில் காலி என்று பள்ளியின் பியூனைக் கேட்டால் சரியாகச் சொல்வார்.

மேலிடத்துக் கடிதத்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. கல்வித் துறையின் முத்திரையோடு வரும் உங்களை வகுப்பாசிரியை ஆய்வு மாணவியாகப் பார்க்க மாட்டார், தணிக்கைக்கு வந்தவராகப் பார்ப்பார். தலைமையாசிரியர் அறையில், அவர் முன்னிலையில், "மேடம், உங்கள் வகுப்பில் இவர் உட்காரலாம் இல்லையா?" என்று கேட்டால் எந்த ஆசிரியை மறுப்பார்? அது கட்டளை. ஆசிரியையைத் தனியாகப் பாருங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை பாடவேளை தேவை, அவரைப் பற்றி என்ன எழுதுவீர்கள், என்ன எழுத மாட்டீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, பதிலை அடுத்த வாரம் சொன்னால் போதும் என்று விட்டுவிடுங்கள். "முடியாது" என்று அவர் சொன்னால், அந்த மறுப்பு தலைமையாசிரியர் காதுக்குப் போகாதபடி "எனக்குத்தான் நேரம் ஒத்துவரவில்லை" என்று நீங்களே பழியை ஏற்றுக்கொண்டு விலகுவது மரியாதை.

இனி நாட்காட்டி. கல்வியுரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்கிறது. அந்த எண்ணை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜூன் நடுவில் பள்ளி திறக்கும். சேர்க்கை, புத்தகம், சீருடை என்று அந்த மாதம் ஓடிவிடும். ஜூலையில் மழை, தண்டவாளத்தில் தண்ணீர், திடீர் விடுமுறை. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ கணபதி. அக்டோபரில் முதல் பருவத் தேர்வு, தொடர்ந்து தீபாவளி விடுமுறை. ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள். பிப்ரவரி பிறந்தால் தேர்வுக் காய்ச்சல். ஆசிரியர்களை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொன்னாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்கு வைத்திருக்கிறது. 2027 கணக்கெடுப்பும் சேர்ந்துகொண்டால் உங்கள் வகுப்பாசிரியை எந்த வாரம் எந்தத் தெருவில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருப்பார் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து உருப்படியாக வேலை நடப்பது ஆகஸ்டின் முதல் மூன்று வாரங்களும், தீபாவளி விடுமுறை முடிந்ததிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையும்தான்.

நாள் கிடைப்பது பாதிதான். பிள்ளைகள் கிடைக்க வேண்டும். ஜூலையில் முதல் சோதனை, மார்ச்சில் கடைசிச் சோதனை என்று வைத்தால் இடையில் சிலர் காணாமல் போவார்கள். தாராவித் தமிழர்களில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் ஏராளம். ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்றால் பள்ளி நாளா, விடுமுறையா என்று பார்க்க மாட்டார்கள். சிலர் வாடகை ஏறியதும் நாலாசோபாரா, கல்யாண் பக்கம் குடிபெயர்ந்துவிடுவார்கள். சிலர் நடுவிலேயே ஆங்கிலவழிக்கு மாறுவார்கள். விடுபடுகிறவர்கள் ஏனோதானோவென்று விடுபடுவதில்லை. பெரும்பாலும் வீட்டு நிலை ஆட்டம் கண்ட பிள்ளைகளும், ஓரளவு வசதி வந்த வீட்டுப் பிள்ளைகளும்தான் போவார்கள். மிஞ்சியவர்களை மட்டும் வைத்து "முறை வென்றது" என்று எழுதினால், யாருக்கு வென்றது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளையைத் தனியாக வாசிக்க வைக்க 20 நிமிடம் என்றால் 30 பிள்ளைகளுக்கு 10 மணி நேரம். முன்னும் பின்னும் இரண்டு சோதனை என்றால் 20 மணி நேரம். அந்த நேரம் அவர்களுடைய பாட நேரத்திலிருந்து வெட்டி எடுத்தது. அதற்கு ஈடாக அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதை உங்கள் திட்டத்தில் ஒரு பத்தியாவது எழுதியாக வேண்டும்.

பெற்றோரின் ஒப்புதலுக்கு வருகிறேன். நம் நாட்டில் இதற்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் செயல்விளக்கத் திட்டம் நடந்தது. சர்ச்சை கிளம்பி 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அளித்த அறிக்கையில் ஆந்திரத்தின் ஒப்புதல் படிவங்களைப் பற்றிய கணக்கு வருகிறது: 9,543 படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள், 1,948இல் வெறும் கைரேகை. அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு விவரம் போய்ச் சேர்ந்ததா என்பதற்குக் காகிதத்தில் சான்று இல்லை. ஊசிக்கும் வாசிப்புப் பயிற்சிக்கும் ஆபத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "பள்ளி சம்மதித்துவிட்டது, அதனால் பெற்றோர் சம்மதித்த மாதிரிதான்" என்ற நினைப்பு இரண்டிலும் ஒன்றே.

தாராவியில் படிவத்தைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பினால் மறுநாளே கட்டாகத் திரும்பி வந்துவிடும். மகிழ்ச்சியடைவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். "செ" என்ற எழுத்தின் கொம்பு ஒரே மாதிரி வளைந்த நான்கைந்து கையெழுத்துகள் இருக்கும். ஏழாம் வகுப்பு அக்கா ஒருத்தி தன் தம்பிக்கும் சந்தில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருப்பாள். வீட்டில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், படித்தது இந்தியில். அப்பா விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு கிளம்பி நகரத்தைச் சுற்றிவிட்டு வந்து மதியம் தூங்குகிறார். போதாக்குறைக்கு ஆதார், அபார் (மாணவர் அடையாள எண்) என்று பள்ளியிலிருந்து படிவம் வந்தபடியே இருக்கிறது. இன்னொரு காகிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அனிச்சையாகிவிட்டது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது வாயால் சொல்வது. மாலை ஏழு மணிக்கு மேல், பள்ளியிலோ அந்தத் தெருவின் மன்றத்திலோ பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டு, பேச்சுத் தமிழில், தேவைப்பட்டால் இந்தி கலந்து சொல்லுங்கள். எதற்காகச் செய்கிறீர்கள், பிள்ளை என்ன செய்ய வேண்டியிருக்கும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், மறுத்தால் மார்க்கும் குறையாது, இலவசப் புத்தகமும் மதிய உணவும் நிற்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்லுங்கள். மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் பெற்றோருக்குள் இருக்கும் பயம் அங்கேதான்.

தாராவிக்கே உரிய இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சிலிருந்து அங்கே வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததாக ஆவணம் காட்டுகிறவர்களுக்கு ஒரு விதி, பின்னால் வந்தவர்களுக்கு இன்னொரு விதி. இந்த நிலையில் நீங்கள் பெற்றோர் கேள்வித்தாளில் "எந்த ஆண்டு மும்பைக்கு வந்தீர்கள்?", "வீடு சொந்தமா, வாடகையா?", "எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். குடும்பப் பின்னணி என்ற தலைப்பில் எல்லா எம்.எட். ஆய்வேடுகளிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் கேள்விகள்தான் இவை. இந்தத் தெருக்களில் அவை வீட்டை இழப்பதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்விகள். பொய்யான பதில் கிடைக்கும், அல்லது கதவு சாத்தப்படும். அதைவிட மோசம், உண்மையான பதில் கிடைத்து அந்தத் தாள் வேறு யார் கையிலாவது சிக்கலாம். வாசிப்பைப் பற்றிய ஆய்வுக்கு வீட்டில் யார் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது போதும்.

பெற்றோர் ஒப்புதல் கொடுத்தபின் பிள்ளையின் சம்மதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் குழந்தைகள் தொடர்பான ஆய்வுகளுக்கு வெளியிட்ட நெறிமுறைகள், ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் வாய்மொழிச் சம்மதமும், 12 வயதுக்கு மேல் எழுத்துமூலச் சம்மதமும் கேட்கச் சொல்கின்றன. அவை மருத்துவ ஆய்வுக்கென எழுதப்பட்டவை. கல்வி ஆய்வுக்கும் அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வகுப்பு முன் நின்று "யாருக்கெல்லாம் விருப்பம்?" என்று கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஆசிரியை இல்லாத நேரத்தில், ஒவ்வொரு பிள்ளையிடமும் பச்சை, சிவப்பு என்று இரண்டு அட்டை கொடுத்து, ஒன்றை மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் "இன்று வேண்டாம்" என்று சொல்ல இடம் வையுங்கள். பிள்ளைகள் மறுப்பதை வாயால் சொல்வது குறைவு. தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பார்கள், வயிறு வலிக்கிறது என்பார்கள், தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார்கள். அதுதான் மறுப்பு. மறுத்தவர்களை என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கடைசி பெஞ்சுக்கு அனுப்பினாலோ வராந்தாவில் நிறுத்தினாலோ அது தண்டனை. அவர்களுக்கு அதே நேரத்தில் ரசிக்கத்தக்க வேறு வேலை இருக்க வேண்டும். பென்சில், ரப்பர் என்று பரிசு கொடுப்பதானால் வகுப்பில் எல்லோருக்கும் கொடுங்கள்.

அடுத்து, ஒரு தரப்புக்குக் கொடுத்து மறு தரப்புக்குக் கொடுக்காமல் விடும் உங்கள் திட்டம். புதிய முறை நல்லது என்று நம்புகிறீர்கள் என்றால் பாதிப் பேருக்கு அதை மறுப்பது எப்படி நியாயம்? நல்லதா என்று தெரியாது என்றால் பிள்ளைகள் மேல் சோதித்துப் பார்க்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு ஒரு சாமர்த்தியமான விடை இதே மும்பையில் கிடைத்தது. 2001 முதல் 2003 வரை பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு மும்பை, வடோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தர உள்ளூர்ப் பெண்களை நியமித்தது. பால்சகி என்று பெயர். அதன் பலனை அளந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உண்டு; 2019இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் இருவர். பள்ளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஒரு வகுப்புக்கும் மறு பாதியில் வேறொரு வகுப்புக்கும் பால்சகியைக் கொடுத்தார்கள். ஒரு பள்ளியும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒன்றுக்கொன்று ஒப்பீடாகவும் அமைந்தது. நீங்களும் முதல் பருவத்தில் ஒரு குழு, இரண்டாம் பருவத்தில் மறு குழு என்று மாற்றிக் கொடுக்கலாம்.

ஆனால் உங்கள் பள்ளியில் அதுகூட நடக்குமா என்பது சந்தேகம். தமிழ்வழியில் சேர்க்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவுதான் இருக்கும், சில இடங்களில் இரண்டு வகுப்பை ஒரே ஆசிரியை பார்க்கிறார். ஒரே அறையில் பாதிப் பேருக்குச் சொல்லித்தந்து பாதிப் பேருக்கு மறைக்க முடியாது. இடைவேளையில் உங்கள் எழுத்தட்டை விளையாட்டு மறு பாதிக்கும் பரவிவிடும். பரவட்டும், பிள்ளைகளுக்கு நல்லதுதான். உங்கள் புள்ளிவிவரம்தான் கலைந்துபோகும். தலா ஒரு டஜன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சராசரி, திட்ட விலக்கம், அப்புறம் முக்கியத்துவச் சோதனை என்று அட்டவணை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வழிகாட்டிகள் அட்டவணை கேட்கிறார்கள் என்பது தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் எந்த எழுத்தில் தடுக்குகிறது, எந்தச் சொல்லை ஊகிக்கிறது என்று வாரவாரம் கூர்ந்து எழுதிய குறிப்பு, அந்த அட்டவணையைவிட அதிகம் சொல்லும். இன்னொன்றும் கவனியுங்கள். இந்தப் பிள்ளைகள் தமிழோடு மராத்தியும் ஆங்கிலமும் சேர்த்து மூன்று வரிவடிவங்களைச் சுமக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த வாசிப்புத் தாளில் வயல், வாய்க்கால், களத்துமேடு என்று வந்தால், தடுக்குவது வாசிப்பிலா, பார்த்திராத உலகத்திலா என்று பிரிக்க முடியாது.

சோதனை முடிந்ததும் ஆசிரியை கேட்கப்போகும் முதல் கேள்வி, "யார் யார் மக்கு என்று லிஸ்ட் கொடுங்கள்" என்பதாக இருக்கும். நல்லெண்ணத்தில்தான் கேட்பார். கொடுக்காதீர்கள். 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டலில் ஓர் ஆய்வு நடந்தது. அநாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம் "உனக்குத் திக்குகிறது, கவனமாக இரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். திக்குவாய் வந்துவிடவில்லை, ஆனால் பிள்ளைகள் பேசவே தயங்கிச் சுருங்கிப்போனார்கள். அது ஒரு முதுகலை மாணவியின் ஆய்வேடு. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல். மாநில அரசு 2007இல் 9,25,000 டாலர் இழப்பீடு கொடுத்து வழக்கை முடித்தது. நீங்கள் யாரிடமும் பொய் சொல்லப்போவதில்லை. என்றாலும் ஆய்வு செய்ய வந்தவர் கொடுத்த பட்டியல் என்றால் அதற்கு ஒரு தனி மதிப்பு வந்துவிடும். பட்டியலில் ஏறிய பெயர் ஆண்டு முழுக்க இறங்காது. ஆசிரியைக்கு வேண்டியது பெயர்வரிசை அல்ல, "இந்தப் பிள்ளை உயிர்மெய்யில் ஒகர, ஓகாரம் வரை வந்துவிட்டது, ஒற்றெழுத்து வரும் சொற்களில் நிற்கிறது" என்ற குறிப்பு. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுங்கள்.

பெயரை மாற்றி எழுதிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? பெரிய நகரத்தின் பெரும்பான்மை மொழிப் பள்ளி என்றால் மறையும். தாராவியின் தமிழ்வழிப் பள்ளிகளை விரல்விட்டு எண்ணலாம். "பள்ளி அ, நான்காம் வகுப்பு, 20 ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியை" என்று நீங்கள் எழுதினால் மும்பையின் தமிழ் ஆசிரியர் வட்டத்தில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பாடவேளையில் போனில் பேசினார் என்ற ஒரு வரி அவருடைய வேலைக்கே உலை வைக்கும். அதைவிடப் பெரிய விஷயம்: தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்ற உங்கள் முடிவு, சேர்க்கை குறைந்த பள்ளியை இன்னொன்றோடு இணைக்கலாம் என்று நினைப்பவர் மேசையில் ஆதாரமாகப் போய் உட்காரலாம். இந்தத் தீங்கைப் பற்றி எந்த ஒப்புதல் படிவத்திலும் கட்டம் கிடையாது. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை, கலப்பு வகுப்பு, நூலகம் இல்லாமை ஆகியவற்றையும் வாசிப்பு மதிப்பெண்ணின் பக்கத்திலேயே, அதே பக்கத்தில் எழுதுங்கள், பின்னிணைப்பில் தள்ளாதீர்கள்.

வீடியோ வேண்டாம் என்பது என் கருத்து. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் குழந்தை என்கிறது; அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆராய்ச்சிக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டுதான். ஆனால் உங்கள் போனில் எடுத்த வீடியோ தானாகவே கூகுள் கணக்கில் ஏறுவதையும், வழிகாட்டி கேட்டார் என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதையும் எந்த விலக்கும் காப்பாற்றாது. ஒரே ஒரு பெற்றோர் மறுத்தாலும் அந்தப் பிள்ளை சட்டகத்துக்குள் வராமல் நாற்பது நிமிடம் எடுக்க முடியுமா? பிள்ளைகள் கேமராவைப் பார்த்தபடி வாசிப்பதில் ஆய்வுக்கும் பயனில்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பெயருக்குப் பதில் எண். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் தனி உறையில், வேறு இடத்தில்.

"நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். சட்டம் உங்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. ஆசிரியர், ஆய்வாளர் என்ற பேதம் அதில் இல்லை. "உனக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடி விவகாரம் இன்னும் சங்கடமானது. கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியை ஸ்கேலால் கையில் அடித்தால்? பார்க்காத மாதிரிக் குறிப்பெடுப்பது எனக்கு ஒப்பாது. எழுந்து நின்று தடுத்தால் அன்றோடு ஆய்வு முடிந்தது. ஆசிரியையிடம் சம்மதம் கேட்கும் அன்றே, "அடி விழுந்தால் நான் உங்களிடம் தனியாகப் பேசுவேன், தொடர்ந்தால் தலைமையாசிரியரிடம் சொல்வேன்" என்று சொல்லி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி. சிலர் அதைக் கேட்டதும் ஆய்வுக்கே மறுத்துவிடுவார்கள். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். பல கல்வியியல் கல்லூரிகளில் கிடையாது. வழிகாட்டியின் கையெழுத்தே எல்லாம். வழக்கமான வகுப்பறைச் செயல்பாடுகளைப் பற்றிய ஆய்வுக்கு முழுப் பரிசீலனை தேவையில்லை என்று ஆய்வுமுறைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்க விதி. நம் ஊரில் அதைக் காட்டி யாரும் தப்பிக்க வேண்டியதில்லை. குழு இல்லையென்றால் ஆய்வோடு தொடர்பில்லாத மூவரை, அதில் ஒருவர் தாராவியிலேயே வசிக்கும் ஒரு தாயாக இருக்கும்படி, உங்கள் திட்டத்தைப் படித்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் கேட்காததை அந்தத் தாய் கேட்பார்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒப்பீட்டையும் வீடியோவையும் கைவிட்டு, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளின் வாசிப்பை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர்வேன். அந்தப் பயிற்சியை வகுப்பில் எல்லோருக்கும் கொடுப்பேன். பள்ளி நேரத்தில் இடம் கிடைக்காவிட்டால், பெற்றோர் சம்மதத்தோடு வீட்டுத் திண்ணையிலோ மன்றத்திலோ வாசிக்க வைக்கலாம். கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வே 2005 முதல் பிள்ளைகளை வீட்டில் வைத்துத்தான் ஒவ்வொருவராகச் சோதிக்கிறது. எழுதி முடித்த வரைவை அச்சுக்குக் கொடுக்கும் முன் வகுப்பாசிரியையிடம் கொடுங்கள். தன்னை அடையாளம் காட்டும் வரிகளை அவர் குறித்துத் தரட்டும். பெற்றோரையும் ஒருமுறை கூட்டி, என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று அரை மணி நேரம் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தை ஏப்ரல் நடுவுக்குள் வைத்துவிட வேண்டும். மே மாதம் பாதிக் குடும்பங்கள் திருநெல்வேலியில் இருக்கும்.